இனிக்கும் பாறை

"இனிக்குதே!" என்றார் ஹார்கிரேவ் அம்மையார், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு.

மெர்ல் அன்ரூவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்லை நக்கிப் பார்ப்பதில் அதிசயமில்லை. நிலவியல்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எண்ணெய்க் கிணற்றின் அடியிலிருந்து எடுத்த கல் கரிக்க வேண்டும். என்றோ இருந்த கடலின் உப்பு அதில் தங்கியிருக்கும். இனிக்கவே கூடாது.

அதுவும் இன்று! அம்மையார் வாஷிங்டனிலிருந்து இருமிக்கொண்டே கான்சாஸ் வரை வந்திருந்தார். அவர் சரி என்றால்தான் ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் தொடரும். ஊரின் பழைய கிணறுகள் வற்றிவிட்டதாகப் பேர். ஆனால் பாதி எண்ணெய்க்கு மேல் பாறைத் துளைகளில் இன்னும் சிக்கிக் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க வழி தேடுவதுதான் மெர்லின் வேலை. பணம் நின்றால், கிணற்றுக் கற்களைச் சேர்த்துவைத்திருக்கும் இந்தக் கிடங்குக்குப் பூட்டுதான். வரவேற்பு மேசையில் இருக்கும் வெல்டாவுக்கும் வேலை போய்விடும்.

வெல்டா! அப்போதுதான் மெர்லுக்கு உறைத்தது. "விருந்தாளிக்கு நம்ம கல்லு மாதிரியே ஒரு கேக் செஞ்சு, கல்லுப் பெட்டியிலயே வெச்சுத் தரேன் பாருங்க" என்று நேற்று சொல்லியிருந்தாளே!

அம்மையார் கையில் இருப்பது கேக்! பார்க்கக் கனமாகத்தான் இருந்தது. ஆனால் வெல்டாவின் கேக் என்றைக்குக் கனமில்லாமல் இருந்தது? ஈஸ்டர் விருந்தில் அதை வெட்டப்போய்ப் போதகரின் கத்தியே வளைந்துபோனது.

"ஏன் இனிக்குது மிஸ்டர் அன்ரூ?"

உண்மையைச் சொன்னால் வெல்டா குன்றிப்போவாள்.

"அது வந்து... இந்தப் பக்கத்துப் பாறை எப்பவாச்சும் அப்படித்தான் மேடம்."

"எப்பவாச்சுமா? என் வாழ்நாள்ல எத்தனை கல்லை நக்கியிருக்கேன்! ஒண்ணுகூட இனிச்சதில்லயே! ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பெரிய விஷயமில்லன்னு..."

"பெரிய விஷயமில்லையா? இதுக்குத் தனி ஆராய்ச்சியே வைக்கணும். தொகையை ரெண்டு மடங்காக்கச் சொல்றேன்!" அவர் செல்பேசியை எடுத்தார்.

"வேண்டாம் மேடம்!"

"பணம் வேண்டாங்கற முதல் விஞ்ஞானி நீங்கதான்."

கோதுமை விளைவிக்கிறவன் கட்டிய வரி, கேக்கை ஆராயவா? கர்த்தரே, வாயைத் திறக்கத் தைரியம் கொடும் என்று மெர்ல் மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க மேடம். பொய் சொல்லிட்டேன். அது கல்லே இல்ல, கேக்கு. நீங்க வர்றீங்கன்னு எங்க வெல்டா ஆசையா செஞ்சது. அவமேல ஒரு தப்பும் இல்ல."

"இதுவா கேக்கு?"

"இதோ பாருங்க!" மெர்ல் அதை வாங்கி அழுத்தி ஒரு கடி கடித்தார்.

சடக்!

உடைந்தது கேக் அல்ல.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மரப்பெட்டியை ஏந்திக்கொண்டு வெல்டா வந்தாள். பின்னாலேயே, மறுமுனையைப் பிடித்தபடி அம்மையாரின் கார் ஓட்டுநர் ஆர்லோ.

"கேக் வந்தாச்சு! ஐயையோ மெர்ல், வாயில ரத்தம்! கல்லைப் போய் ஏன் கடிக்கறீங்க?"

மெர்ல் கல்லைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அம்மையார் தம் கைக்குட்டையை ஈரமாக்கி அவர் வாயில் வைத்து அழுத்தினார்.

"உண்மைக்காகப் பல்லையே குடுத்திருக்கீங்க. உங்களை நம்பி ஜனங்க பணத்தைத் தரலாம். எண்ணெய் ஆராய்ச்சி நிக்காது, நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு கல்லைத் திருப்பி, கடிபடாத பக்கத்தை நக்கினார். அவர் முகம் வெளிறியது. "ஆனா இது நிஜக் கல்லு! இப்பவும் இனிக்குது! உலகமே ஆடிப்போகப் போகுது!"

ஆர்லோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"மேடம், இருமலுக்கு இதமா இருக்கட்டும்னு கார்ல ஒரு மிட்டாய் குடுத்தேனே, அது இன்னும் உங்க கன்னத்துலதானே இருக்கு?"