கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டவர்கள்

கதை படிப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவம், அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. கடைசிப் பாகத்தார் என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது, நான் சொல்ல வந்தது அதைப் பற்றி. வருஷக்கணக்கில் பாகம் பாகமாக வந்த ஒரு காதல் கதை இதோடு முடிகிறது என்று அறிவிப்பு வந்ததுமே இந்த இனத்துக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆபீசுக்கு லீவு சொல்லும், லீவுக்குக் காரணமாக, கல்லுக்குண்டு மாதிரி நடமாடும் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும், பழைய பாகங்களையெல்லாம் தூசி தட்டி முதலிலிருந்து படிக்கும், வீட்டில் யாராவது "இன்னிக்கு சாப்பாடு?" என்று கேட்டால், வழி தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கும். புத்தகம் கைக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அழுதுகொண்டே படிக்கும், படித்துக்கொண்டே திட்டும், திட்டிக்கொண்டே தோழிக்கு "உடனே படிடி" என்று செய்தி அனுப்பும். எழுதினவர் எதிரே வந்தால் காலைப் பிடிப்பதா, கழுத்தைப் பிடிப்பதா? அதற்கே தெரியாது.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஓர் உருப்படி வேண்டுமா? வாருங்கள், பல் டாக்டரம்மாவைக் காட்டுகிறேன்.

கெட்டிக்கார டாக்டர். கை பூ மாதிரி. ஆனால் ஒரு சங்கடம், அவரிடம் பல் காட்டப் போனால் கதை கேட்காமல் திரும்ப முடியாது. விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துவிட்டு ஆரம்பிப்பார். வாயில் பஞ்சோடு மல்லாந்து கிடக்கிற மனிதனைவிட நல்ல ரசிகன் எங்கே கிடைப்பான்? குறுக்கே பேச மாட்டான், எழுந்து போக மாட்டான், கண்ணில் தண்ணீரும் வரும்.

கதைக்கு ஏதோ கவித்துவமான தலைப்பு உண்டு. அந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. 'சிறுத்தை' என்றால் போதும். மின்சார ஆபீசில் புகார் வாங்கும் ஒரு பெண். நகரத்தில் மனிதரோடு மனிதராகத் திரிகிற மற்ற ஜீவன்கள் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும். அதில் ஒருத்தன் பகலில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பான், பொழுது சாய்ந்தால் சிறுத்தையாகிவிடுவான். இன்னொருவர் வக்கீல், இறந்து வெகுகாலமாகிறது, ஆனாலும் கோர்ட்டுக்குப் போவதை விடவில்லை. இரண்டு பேருக்கும் அவள்மேல் உயிர். வக்கீலுக்கு அது கிடையாது என்றாலும் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதற்காக ஒரு ஊர் வாசகிகள் சிறுத்தைக் கட்சி, வக்கீல் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். நம் டாக்டரம்மா சிறுத்தைக் கட்சி. அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, வக்கீல் கட்சியின் தூண்.

இந்த நாத்தனார் தையல்கடை வைத்திருக்கிறாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஃபோன் பேசக்கூடியவள். கல்யாணமான புதிதில் இந்த இரண்டு பேருக்கும் நடந்த பேச்சுவார்த்தையை முழுசாக எழுதிவிடலாம்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீ?"

"இருக்கேன். அண்ணன் இருக்கானா?"

"இதோ குடுக்கறேன்."

அவ்வளவுதான். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமே இல்லை. அப்புறம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள், ஆளுக்கொரு பையைத் திறந்து, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்தார்கள். இரண்டும் சிறுத்தை, முதல் பாகம். மாமனாரைக் கட்டோடு வெளியே கூட்டி வந்தபோது, கண் தெரியாத அந்த நிலையிலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு இப்படிச் சிரிக்கிறது?" என்பதுதான். அன்றிலிருந்து தினம் ஃபோன். ஒரு அத்தியாயம் முடிந்தால் ஒரு ஃபோன். நடுவில் சிறுத்தையை விட்டுவிட்டு வக்கீல், வக்கீலை விட்டுவிட்டு முழங்கால் வலி, மகளின் பிடிவாதம், சட்டைக்கு அளவு கொடுக்க வந்து வயிற்றை எக்கிக்கொள்கிற வாடிக்கையாளர்கள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். டாக்டரம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. முதல்முறையாக ஒருத்தி கிடைத்தாள்.

இப்போது கடைசிப் பாகம் வந்துவிட்டது. டாக்டரம்மா பாய்ந்து பாய்ந்து படித்தார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வந்ததும் டக்கென்று புத்தகத்தை மூடினார். இதைப் படித்து முடித்துவிட்டால் நாளைக்கு ஃபோனை எடுத்து என்ன பேசுவது? மறுபடியும் "நல்லா இருக்கீங்களா", "இதோ குடுக்கறேன்"தானா? ஐயோ, வேண்டவே வேண்டாம். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கிளினிக்கில், பல்செட் அச்சுகள் வைக்கிற அலமாரியில், சிரித்துக்கொண்டிருந்த பற்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அங்கேயே விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் கடைசிப் பாகத்தாரின் சடங்குகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாசகிகளுக்கு ஃபோனில் ஒரு குரூப். அதற்கு ஒரு தலைவி. ரிட்டையர் ஆன தலைமையாசிரியை, இன்னமும் கையில் பிரம்பு இருப்பதாக நினைப்பு. அவர் உத்தரவு போட்டார்: "முடித்தவர்கள் மட்டும் கண்ணீர் குரூப்புக்கு வரவும். முடிக்காதவர்கள் வெளியே நிற்கவும்." வெளியே நிற்பதா? எத்தனையோ வருஷமாகச் சிறுத்தைக்குக் கொடி பிடித்தவர், நேற்று வந்த சின்னப் பெண்களெல்லாம் உள்ளே போக, வாசலில் நிற்பதா? "முடித்துவிட்டேன்" என்று டாக்டரம்மா போட்டார். கதவு திறந்தது. உள்ளே போனால் நாத்தனார் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள்.

அட அட, அந்தக் குரூப்பைப் பார்த்திருக்க வேண்டும்! "என்னால முடியல", "நெஞ்சே வெடிச்சிருச்சு", "இனி நான் யாருக்காக வாழணும்" என்று ஒரே ஒப்பாரி. என்ன நடந்தது என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ரகம் ஒன்று உண்டல்லவா, அதில் ஒருத்திதான் வாயைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் ரெஜிஸ்டர் ஆபீஸ் வருகிறதாம், மாலை வருகிறதாம், பக்கத்தில் வக்கீல் நிற்கிறாராம். "கட்டிக்கிட்டாளே!" என்று அலறினாள். அடுத்த நிமிஷம் குரூப் முழுக்க, ஏதோ எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு வந்த மாதிரி, கல்யாணத்தைப் பற்றியே பேச்சு.

டாக்டரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. படிக்காத முடிவைப் பற்றி மூச்சுவிடாமல் ஒரு விமர்சனம் எழுதினார்: இது பச்சைத் துரோகம், சிறுத்தையை லிஃப்டுக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம், செத்தவனுக்குக் கழுத்தை நீட்டுகிற பெண்ணைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்? எல்லாரும் கைதட்டினார்கள். ஃபோன் அடித்தது.

"என்ன அண்ணி இப்படி எழுதிட்டீங்க? அந்தக் கல்யாணத்துல என்ன குறை?"

"என்ன குறையா? ஆளே இல்லையேம்மா, அதுதான் குறை!"

"அவர் மனசு அண்ணி! கடைசி அத்தியாயத்துல அவர் பேசுற பேச்சைப் படிச்சுமா இப்படிச் சொல்றீங்க?"

"படிச்சேன். வெறும் வாய்ப்பந்தல்" என்றார் டாக்டரம்மா, கூசாமல்.

"உங்களுக்கு ரசனையே கிடையாது அண்ணி."

"உனக்குக் கண்ணே கிடையாது!"

லைன் கட்டானது. மறுநாள் ஃபோன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எதற்குப் பயந்து புத்தகத்தை ஒளித்தாரோ, அது வந்தே விட்டது. கிளினிக்கில் கதை நின்றுபோய், பல் பிடுங்க வந்தவர்களே "என்ன டாக்டர், உடம்பு சரியில்லையா?" என்று பஞ்சை எடுத்துவிட்டு விசாரித்தார்கள். தையல்கடையில் ஒரே ரவிக்கைக்கு இரண்டு இடது கை தைக்கப்பட்டதாகத் தகவல்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் கணவர். குழாய்க்கடைக்காரர். மோட்டார் பெட்டிக்குள் மடித்துவைத்திருக்கும் தாளைத் தவிர எதையும் அவர் முழுசாகப் படித்ததில்லை. ஒரு பக்கம் பெண்டாட்டி பெருமூச்சு, இன்னொரு பக்கம் தங்கை கடைக்கே வந்து மூக்கைச் சிந்துகிறாள். மனுஷன் கிளினிக்குக்குப் போனார், பற்களை நகர்த்தினார், புத்தகத்தை எடுத்தார். எந்த மூட்டு ஒழுகுகிறதோ அங்கேதானே கையை வைக்க வேண்டும்? நேராகக் கடைசி அத்தியாயத்தைப் படித்தார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து தங்கைக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பெண்டாட்டியையும் எதிரே உட்காரவைத்தார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. நான் படிச்சுட்டேன். எதுக்கு இந்தச் சண்டை? அங்க கல்யாணமே..."

"சொல்லாதீங்க!" டாக்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தேவிட்டார். "சொல்லாதீங்க, நான் இன்னும் படிக்கல!"

"அண்ணா, சொல்லாத!" ஃபோன் அலறியது. "நானும் படிக்கல!"

குழாய்க்கடைக்காரர் ஃபோனைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அப்ப, ஒரு வாரமா எதைப் பத்தி அடிச்சுக்கிட்டீங்க?"

ஃபோனில் முதலில் ஒரு களுக். அப்புறம் குண்டூசிகள் கீழே கொட்டுகிற சத்தம். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்க முடியாமல் சோபாவில் சரிந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏண்டி படிக்கல?" என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

"முடிச்சுட்டா, அப்புறம் உங்களுக்கு எதைச் சொல்லி ஃபோன் பண்றது அண்ணி?"

"எனக்கும் அதேதான்" என்றார் டாக்டரம்மா.

இந்த இடத்தில் குழாய்க்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. விதி. தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா, ஒரு சந்தேகம். அந்தப் பையன் எதுக்கு எப்பப் பாத்தாலும் லிஃப்டுக்குள்ளயே இருக்கான்?" என்றார்.

இரண்டு கட்சியும் ஒரே குரலில் பாய்ந்தன. "முதல் பாகத்துலேர்ந்து படிங்க!" "படிண்ணா!" அன்றைக்கே முதல் பாகம் கடைக்குப் போனது. இப்போது தினம் ஃபோன் வருகிறது: எந்த அத்தியாயத்தில் இருக்கிறார், வக்கீல் செத்த கதை வந்துவிட்டதா, முகம் எப்படி இருந்தது, அழுதாரா, அழுகையை மறைக்கக் குழாயைத் துடைத்தாரா. அவர் எல்லாப் பாகத்தையும் முடிக்கிறபோது மூன்று பேருமாக உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படிப்பதாக ஏற்பாடு. மனிதர் எழுத்தெண்ணிப் படிக்கிறார். இருக்கட்டும், யாருக்கு அவசரம்?

அது சரி, அந்த ரெஜிஸ்டர் ஆபீசில் என்னதான் நடந்தது என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால்? நானும் கண்ணீர் குரூப்பில்தான் இருக்கிறேன். இதற்கு மேல் என் வாயைக் கிளறாதீர்கள். நீங்கள் மட்டும் என்னவாம்? உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கடைசிச் சில பக்கங்களுக்கு முன்னால் அடையாளம் சொருகின ஒரு புத்தகம் கிடக்கிறதே. அன்றைக்கு அதன் முடிவைப் பற்றி நண்பரிடம் அவ்வளவு நேரம் வாதாடினீர்களே. நிஜத்தைச் சொல்லுங்கள், அவராவது படித்திருந்தாரா?