சுவரில் செத்துப்போன கோட்டண்ணை

கோட்டண்ணை செத்துப்போய்விட்டார் என்று நான் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மன்னாரில் இருக்கும் அவருடைய மனைவிக்கும் போன் எடுத்து அறிவித்தேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பலெர்மோவில் கோட்டண்ணையைப்போல் சாவோடு நெருங்கிப் பழகிய தமிழன் வேறு யாருமில்லை. படுக்கையில் கிடக்கும் இத்தாலியக் கிழவர்களை வீட்டோடு தங்கிப் பார்ப்பது அவர் வேலை. குளிப்பாட்டி, ஊட்டி, சவரம் செய்துவிட்டு, கடைசியில் கண்ணையும் மூடிவிடுவார். பிள்ளைகள் அழுதபடி அலுமாரியைத் திறந்து, "எல்லாவற்றையும் நீயே கொண்டுபோ" என்பார்கள். ஆகவே அவர் உடம்பில் இருந்த எதையும் உயிரோடிருக்கும் ஒருவர் வாங்கியதில்லை. கோட்டண்ணை என்ற பெயரை வாங்கிக்கொடுத்த கறுப்புக் கோட்டு ஒரு நீதிபதியுடையது. சப்பாத்து ஒரு பல்வைத்தியருடையது. இரண்டு அளவு பெரிது, முன்னால் பஞ்சு அடைத்திருப்பார். மூக்குக்கண்ணாடி ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு வீட்டுக்காரக் கிழவியுடையது. அதைப் போட்டால் எதிரே வருகிற பஸ் தெரியாது. "மனுசி நல்ல மனுசி" என்று கழற்றவும் மாட்டார்.

ஓகஸ்ட் வெயிலில் மொண்டெல்லோ கடற்கரைக்கும் கோட்டோடுதான் வந்தார். வியா மக்வேதா தெருவில் ஒருநாள் ஒரு கிழவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நீதிபதியின் மனைவி; பிடித்தது கோட்டின் கையை. அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவளைக் கோப்பி குடிக்கக் கூட்டிப்போனார், கோட்டைத் தூசி தட்டிவிட்டு.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். பார்க்க வந்த கோட்டண்ணை பக்கத்தில் இருந்து காலைத் தடவினார், நாடி பிடித்தார். பிறகு கதவில் தொங்கிய என் ஜக்கெற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, உது என்ன சைஸ்?"

அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

சிரித்தது போதும். அவர் மனைவி அவரோடு கதைத்து வருடக்கணக்காகிறது. மூத்த மகன் கடலில் மூழ்கிச் செத்தபோது இவரிடம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது, மற்றப் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். போகவில்லை. தகப்பன் இல்லாமலே பிள்ளையை அடக்கினார்கள். பிறகு பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அப்போதும் போகவில்லை. "எந்த முகத்தோடை போறது?" என்பார்.

அவர் எண்ணிலிருந்து போனால் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, எடுக்கமாட்டா. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் என் போனில் நான் கதைப்பேன். அவர் பக்கத்தில் நின்று காது கொடுப்பார். மழை, மீன் விலை, பேரப்பிள்ளையின் பல் என்று அக்கா எல்லாம் சொல்லுவா. அவரைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கமாட்டா. போனை வைத்ததும், "குரல் அடைச்சிருக்கு. தடிமனோ தெரியேல்லை" என்று கவலைப்பட்டுக்கொண்டு நடப்பார் மனுசன்.

இந்த ஊரில் ஒருவர் இறந்தால் கறுப்புக்கரை போட்ட நோட்டீஸ் அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். பெயர், படம், எந்தக் கோயில், எத்தனை மணி எல்லாம் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவற்றை வாசிப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். பக்திக்காக என்று சொல்லமாட்டேன். எந்த வீட்டில் வேலை காலியாகிவிட்டது, எந்த வீட்டில் தனித்துப்போன கிழவிக்கு ஆள் தேவைப்படும் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரு நவம்பர் காலை. மழை. ஒரேத்தோ தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். நனைந்த சுவரில் கோட்டண்ணை, கோட்டோடு. கீழே 'வர்கீஸ்' என்று பெயர். அவருடைய உண்மைப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. 'பாவம், இவ்வளவு நாளும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்' என்று நினைத்தேன். அவருக்குப் போன் அடித்தேன். நிறுத்தப்பட்டிருந்தது. செத்தவர்கள் போன் எடுப்பதில்லை என்ற அறிவு எனக்கு உண்டு.

பதற்றம் வந்தால் சிலருக்கு வாய் கட்டிப்போகும். எனக்கு அவிழ்ந்துவிடும். குடையைப் பஸ்தரிப்பில் விட்டுவிட்டு, மழையில் நின்று மன்னாருக்கு எடுத்தேன்.

"அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ. கோட்டண்ணை எங்களை விட்டுட்டுப் போட்டார்."

அக்கா கேட்டா:

"தம்பி, உடம்பை இஞ்சை அனுப்புவினமோ?"

"ஓம் அக்கா."

"அங்கை தாட்டுப்போடாதையுங்கோ. பிள்ளைக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு."

நோட்டீசில் போட்டிருந்த கோயிலுக்கு ஓடினேன். முற்றத்துக் கூரையின் கீழ் ஒரு வெறும் சவப்பெட்டி. அதன் மூடியில் குந்தியிருந்து, அரஞ்சினா என்ற பொரித்த சோற்றுருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் கோட்டண்ணை. நான் ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்னடாப்பா, பேயைக் கண்டனியோ?"

"ஓம் அண்ணை."

குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஓடிவந்தாள். "சேட்டா, பேடிக்கண்டா. சினிமாவாணு." பயப்பட வேண்டாம், சினிமாதான் என்று மலையாளத்தில் சொன்னாள்.

கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேர் மலையாளப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அது முதற்படம். இவள் இயக்குநர், ஒருவன் கமெரா, மற்றவன் மீதி எல்லாம். கதையில் வர்கீஸ் என்ற மலையாளி பலெர்மோவில் சாகிறான். உடம்பை ஊருக்கு அனுப்பக் கூட்டாளிகள் படும் பாடுதான் படம். சுவரில் ஒட்டிப் படம் பிடித்த நோட்டீசைக் கிழிக்க மறந்துவிட்டார்களாம்.

"சும்மா படுத்திருக்கிற வேலையெண்டவை," என்றார் கோட்டண்ணை. "இவ்வளவு காலமும் மற்றவையைப் படுக்க வைச்சனான். எனக்குமொரு ஆசை இராதோ?"

"அண்ணை, நான் அக்காவுக்கு அறிவிச்சிட்டன்."

"என்னத்தை?"

"உங்களைத்தான்."

சோற்றுருண்டையைக் கீழே வைத்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயார் செய்தேன்.

"அழுதவளோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை."

"ம்."

"உடம்பை அனுப்பச் சொன்னவ. பிள்ளைக்குப் பக்கத்திலை இடம் கிடக்காம்."

கோட்டண்ணை கண்ணாடியைக் கழற்றினார். அவர் கழற்றி நான் கண்டது அன்றைக்குத்தான். தன் போனை எடுத்து உயிர்ப்பித்து என்னிடம் நீட்டினார். "நீயே அடி."

அடித்தேன். இவ்வளவு காலமும் அவர் எண்ணுக்குப் பதில் சொல்லாத அக்கா முதல் மணியிலேயே எடுத்தா.

"ஆர் கதைக்கிறது? அவரின்ரை போன் உங்களிட்டை எப்பிடி வந்தது?"

போனை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

"நான்தான்," என்றார் கோட்டண்ணை. "சாகேல்லை."

தொடங்கினா அக்கா. இத்தனை வருடமும் சேர்த்து வைத்த ஏச்சு. மழைச் சத்தத்தையும் மீறி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மலையாளப் பிள்ளைகளுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கோட்டண்ணை, "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியாக அக்கா சொன்னா:

"இடம் கிடக்கெண்டுதானே சொன்னன். செத்துத்தான் வரவேணுமெண்டு சொன்னனானோ?"

அந்தக் கிழமையே கோட்டண்ணை மன்னாருக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அடக்கக் காட்சி எடுக்க மிச்சமிருந்தது. பிணம் இல்லாமல் மூன்று பிள்ளைகளும் திண்டாடினார்கள். என் படத்தைப் போட்டுப் புது நோட்டீஸ் அடித்தார்கள். அந்தப் படத்தில் பெட்டிக்குள் கிடப்பது நான்தான். அடக்கப் பாட்டுத் தொடங்கியபோது அவரை நினைத்துக்கொண்டேன். பிணத்தின் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டதால் அந்தக் காட்சியை இரண்டாந்தரமும் எடுத்தார்கள்.