எட்டாத எட்டு

இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளையாவது நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து வாங்குவது என்று தீர்மானம் செய்தேன். சாதாரணத் தீர்மானம் அல்ல. குளியலறைக் கண்ணாடி முன்னால், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, கையில் சவரக் கத்தியோடு நின்று எடுத்த தீர்மானம்.

எதற்கு இவ்வளவு வீராவேசம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுத் திரைச்சீலை என் மனைவியின் தேர்வு. சோபா அவள் தேர்வு. வீடே அவள் தேர்வு. என் மூக்குக் கண்ணாடியின் ஃபிரேமைக்கூட அவள்தான் எடுத்தாள். "இதுல கொஞ்சம் புத்திசாலி மாதிரி தெரியறீங்க" என்று கடைக்காரர் எதிரிலேயே சொன்னாள். போகட்டும், என்னைத் தேர்ந்தெடுத்ததும் நீதானே என்று ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். "மனுஷங்கன்னா ஒரு தப்பு செய்ய மாட்டாங்களா?" என்றாள்.

நான் தேர்ந்தெடுக்க நினைத்த பொருள் ஒரு செஸ் மெஷின். எதிரே ஆளே இல்லாமல் தானாக யோசித்து நம்மோடு ஆடும் சதுரங்கப் பலகை. அதற்குக் காரணம் எதிர்வீட்டுப் பல் டாக்டர்.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். மோதி நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, எவ்வளவு சேதம் என்று எழுதித் தருவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தால் சேதம் எனக்கு. டாக்டர் செஸ் பலகையை இடுக்கிக்கொண்டு வந்து உட்காருவார். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே என் குதிரையைப் பிடுங்குவார். யானையைப் பிடுங்குவார். ராணியைப் பிடுங்கும்போது மட்டும் பாட்டை நிறுத்தி, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கங்க சார்" என்பார். சோபாவில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் என் மனைவி நிமிராமலே சிரிப்பாள்.

தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கண் முன்னால், அந்த மனிதரைத் தோற்கடிக்க வேண்டும். அப்புறம் எனக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம்.

"ஒரு செஸ் மெஷின் வாங்கப் போறேன்" என்றேன், குரலில் கொஞ்சம் இரும்பைச் சேர்த்து.

"எதுக்கு? போன்லயே ஆடலாமே?"

"போன்ல ராணியைத் தூக்கும்போதெல்லாம் நீ கூப்பிடறே. போன வாரம் உன்கிட்ட பேசிட்டு வந்து பார்த்தா ராஜாவையே காணோம்."

"சரி, வாங்குங்க."

"நானேதான் பார்த்து எடுப்பேன்."

"எடுங்க."

"கடையில நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நான் ஏங்க பேசறேன்? எனக்குக் குதிரை எது, கழுதை எதுன்னே தெரியாது."

இதைச் சொல்லும்போது அவள் செஸ் பலகையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

கடைக்காரர் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார். முதலாவது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. காய்களைக் குண்டூசி மாதிரி ஓட்டையில் குத்த வேண்டும்.

"பயணத்துக்கு ரொம்ப நல்லது சார்."

"எனக்கு ஏதுய்யா பயணம்? வீடு விட்டா ஆபீஸ், ஆபீஸ் விட்டா வீடு."

இரண்டாவது பிளாஸ்டிக்கில் செய்தது. காயைக் கட்டத்தில் வைத்து அழுத்தினால் 'கீச்' என்று ஒரு சத்தம். ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்க்ரீன். மூன்றாவது மரப்பலகை. அழுத்தவே வேண்டாம். காயை எடுத்து வைத்தால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அது ஆட நினைக்கும் கட்டத்தில் குட்டி விளக்கு எரியும்.

நான் இதற்காக ஒரு வாரம் படித்து வைத்திருந்தேன். அதற்கு எத்தனை விதமான தொடக்க ஆட்டம் தெரியும்? நான் யோசிக்கும்போது அதுவும் யோசிக்குமா, சும்மா இருக்குமா? தப்பாக வைத்த காயைத் திருப்பி எடுக்க அனுமதிக்குமா? கடைக்காரருக்கு வியர்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கேட்கலாமா?" என்றாள் மனைவி.

"கேளு, கேளு" என்றேன் பெருந்தன்மையோடு.

"ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா, வெச்ச லெவல் அப்படியே இருக்குமா?"

"சின்னது மறந்துடும் மேடம்" என்றார் கடைக்காரர். "நடுவுல இருக்கறது ஞாபகம் வெச்சுக்கும். என்ன லெவல்னு ஸ்க்ரீன்ல எப்பவும் காட்டிக்கிட்டே இருக்கும். மரத்துல இருக்கறதும் ஞாபகம் வெச்சுக்கும். ஆனா ஸ்க்ரீன் கிடையாது. லெவல் பட்டனை அழுத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

பாவம், அவளுக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஸ்க்ரீன் வைத்ததுதான் பிடித்திருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"ஆமாங்க, நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள். "ஸ்க்ரீன்லாம் இருக்கு. அதையே எடுங்க."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவள் எடு என்று சொன்னதை எடுத்தால் அது யார் தேர்வு? குளியலறைத் தீர்மானம் என்ன ஆவது?

"மரம்!" என்றேன்.

"ஐயோ, அது வேண்டாங்க."

"மரம்தான்!"

தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே வந்தாள். துக்கம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேஜையின் பாதியைப் பிடித்துக்கொண்டு மெஷினை வைத்தேன். அதில் எட்டு லெவல். ஒன்று குழந்தைகளுக்கு. எட்டு என்னைப் போல் தீர்மானம் எடுத்தவர்களுக்கு. எட்டில் வைத்து ஆரம்பித்தேன். இதில் ஒரு கொடுமை, மெஷினின் காயையும் நாம்தான் நகர்த்த வேண்டும். விளக்கு காட்டிய இடத்துக்கு அதன் குதிரையை என் கையாலேயே தூக்கிக்கொண்டு போய், என் ராணியை நானே வெட்ட வேண்டும். சொன்னதைச் செய்து அதனாலேயே அடிபடுவது எனக்குப் புதிதல்ல என்பதால் சீக்கிரம் பழகிவிட்டது.

முதல் சில நாட்கள் அடி மேல் அடி. நான் யாரோடும் பேசவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். "இங்கே ராஜாவே போய்ச் சேர்ந்துட்டான், குழாய் ஒண்ணுதான் கேடா?" என்று பாய்ந்தேன்.

அடுத்த நாளே ஜெயித்தேன்! நாற்காலி கீழே விழ எழுந்து கத்தினேன்.

"எட்டுலயா ஜெயிச்சீங்க?" என்று கரண்டியோடு ஓடி வந்தாள்.

"எட்டுல!"

"அப்ப அந்தக் குழாய்..."

"குழாய் என்ன பெரிய குழாய்! கொண்டா ஸ்பானரை!"

அதற்குப் பிறகு வெற்றி மேல் வெற்றி. ஒரு நாள் ஜெயித்துவிட்டு ஃபேன்களைத் துடைத்தேன். இன்னொரு நாள் ஜெயித்துவிட்டுப் பரணைக் காலி செய்தேன். அலமாரியை அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்குத் தள்ளினேன். அவளுக்குப் பிடிக்காததால் மறுநாள் ஜெயித்துவிட்டு மறுபடி அந்தச் சுவருக்கே தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். "இன்னிக்கு வலி உங்களுக்கு டாக்டர்" என்று சவால் விட்டேன். அவருக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் தோற்றேன்.

"ஆட்டத்துல சொத்தை விழுந்திருக்கு சார். ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மீதி டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. மெஷினைப் போட்டு லெவல் பட்டனை அழுத்தினேன். முதல் கட்டத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. லெவல் ஒன்று. சோபாவில் ஸ்வெட்டர் வேகமாக வளர்ந்தது.

"இதை யார் தொட்டது?"

"தூசி தட்டினேன்."

"தூசி தட்டினா எட்டு ஒண்ணாயிடுமா?"

"நல்லாத் தட்டினா ஆகும்." ஊசியைக் கீழே வைத்தாள். "எட்டுல வெச்சா தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க. சாப்பாட்டுல குத்தம், சட்டையில குத்தம். ஒண்ணுல வெச்சா பாட்டுப் பாடிக்கிட்டே ஏணியில ஏறறீங்க. நான் எதுல வெக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

"தினமுமா ஒண்ணுல வெச்சே?"

"சேச்சே. என் தங்கச்சி வந்திருந்தாளே, அன்னிக்கு ஏழுல வெச்சேன். நாங்க பேசி முடிக்கற வரைக்கும் நீங்க அசையவே இல்லை."

கடையில் அவள் கேட்ட அந்த ஒரே சந்தேகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மரப்பலகையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க வைக்கப்பட்டேன். அவமானத்தில் காது சுட்டது.

ஆனால் நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். எட்டு வேண்டாம், என் யோக்கியதைக்கு நாலு போதும் என்று நேர்மையாக நாலில் வைத்தேன். விபத்துக் கார்களின் கதவில் ஒட்டும் ஆபீஸ் முத்திரைத் தாள் ஒன்றை லெவல் பட்டன் மேல் ஒட்டினேன். குறுக்கே கையெழுத்தும் போட்டேன். பிரித்தால் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தினமும் தோற்றேன். கோபப்படவில்லை. எங்கே தோற்றேன் என்று நசுங்கிய காரைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவசரப்பட்டு ராணியை வெளியே அனுப்பும் கெட்ட பழக்கத்தை விட்டேன். மெல்ல ஒரு ஆட்டம் சமமாக முடிந்தது. பிறகு ஒருநாள் முத்திரை கிழியாமலே ஜெயித்தேன். நிஜமாகவே ஜெயித்தேன்.

"என்னங்க, ஹால் சீலிங் கறுத்துப் போச்சு" என்றாள் அன்று.

"டாக்டரை ஜெயிக்கற வரைக்கும் ஏணிங்கற பேச்சே இந்த வீட்ல வரக் கூடாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா சீலிங் என்ன, பில்டிங்குக்கே பெயிண்ட் அடிக்கறேன்!"

வீரத்தில் வாயைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவள் வெள்ளை பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வந்து தயாராக வைத்தாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் உள்ளே வரும்போதே அவளைப் பார்த்து, "பல் கூச்சம் எப்படிம்மா இருக்கு?" என்றார். "இப்ப பரவாயில்லை டாக்டர்" என்றாள். அவளுக்குப் பல் கூசியதே எனக்குத் தெரியாது. நாலாம் லெவலில் மூழ்கிக் கிடந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. டாக்டர் பாட்டு முணுமுணுக்கவில்லை. பயம் என்று புரிந்துகொண்டேன். பாதி ஆட்டத்தில் அவர் ராணி என் குதிரை வெட்டும் கட்டத்தில் வந்து நின்றது. பொறியாக இருக்குமோ என்று எல்லாப் பக்கமும் ஆராய்ந்தேன். இல்லை. அத்தனை நாள் காத்திருந்த அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கங்க டாக்டர்."

ராணியைத் தூக்கினேன். அப்புறம் அவர் ராஜா ஓட இடமில்லாமல் மூலையில் நின்றான். என் மனைவி ஸ்வெட்டரைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். டாக்டர் எழுந்து கை குலுக்கினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் லீவு போட்டேன். ஏணி மேல் நின்று, மூக்குக் கண்ணாடியில் பெயிண்ட் சொட்ட, டாக்டரின் பாட்டைப் பாடிக்கொண்டே சீலிங்குக்கு வெள்ளையடித்தேன். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முத்திரையைப் பார்த்தியா? ஒரு கீறல் இல்லை. இது சுத்தமான ஜெயம்."

"ஆமாங்க. அந்த ஓரம் விட்டுப் போச்சு பாருங்க."

ஓரத்தையும் அடித்தேன். "ஒண்ணு கேக்கறேன், நீ என்ன நினைக்கறே? மெஷின் கணக்குல டாக்டர் ஆட்டம் எத்தனாவது லெவல் இருக்கும்? எட்டு இருக்குமா?"

அவள் ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வழக்கமா எட்டுதாங்க. நேத்துக்கு மட்டும் ஒண்ணுல வெச்சுக்கச் சொல்லியிருந்தேன்."