எதிர்ப்பாற்றல் பெற்ற அலுவலகம்

மலையில் வசிக்கும் ஒருவர் மலையில்தான் வசிக்கிறார் என்பதை, மலைமேல் இருக்கும் ஓர் அலுவலகம் தாளில் எழுதி முத்திரை குத்தித் தந்தால்தான் மலைக்குக் கீழே இருப்பவர்கள் நம்புவார்கள். இதற்காகவே ஜமுனாமரத்தூரில் 'மலை இருப்பிடச் சான்று அலுவலகம்' என்று ஒன்று இயங்கிவந்தது. அதன் தனி அலுவலர் திரு. ஆதிநாராயணன். நல்ல மனிதர். எந்தப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினாலும் போவார். அங்கே சொன்னதை அப்படியே நம்பிவிட்டுத் திரும்புவார்.

போன வருடம் அவரை 'எறும்பிடம் கற்போம்' என்ற வகுப்புக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு ஆறு மாதம் ஊழியர்கள் சாப்பாட்டுக்குக்கூட ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போய்வந்தார்கள். இந்த வருட வகுப்பின் பெயர் 'உடலிடம் கற்போம்'. ஏலகிரியில் ஒரு விடுதியில் மூன்று நாள். ஒரு பை, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில் இவற்றோடு திரும்பிய ஆதிநாராயணன், மறுநாள் காலையே சுற்றறிக்கை விட்டார்.

'இவ்வலுவலகம் இன்று முதல் ஓர் உடலாகக் கருதப்படும். வெளியிலிருந்து உடலுக்குள் நுழைவது அன்னியப் பொருள் ஆகும். இவ்வலுவலகத்துக்குள் வெளியிலிருந்து நுழைவது எது என்பதை ஊழியர்கள் ஒரு வாரம் உற்றுநோக்கி அறிக்கை அளிக்கவும்.'

ஊழியர்கள் உற்றுநோக்கினார்கள். அறிக்கையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: மனுதாரர்.

உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிருமி உள்ளே வந்ததும் காவல் அணு ஒன்று அதைப் பிடித்து, அதில் ஒரு துண்டைப் பிய்த்து, நிணநீர்க்கணு என்ற சிறு முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டும். அங்கே லட்சக்கணக்கான வெள்ளணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் தெரியும். எதற்கு அந்தத் துண்டு பொருந்துகிறதோ, அது மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரு படையாகப் பெருகும். இதற்கு முதல் முறை ஒன்றிரண்டு வாரம் ஆகும். சண்டை முடிந்தபின் சில அணுக்கள் நினைவோடு தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் வாசலிலேயே கதை முடிந்தது. தடுப்பூசியின் சூட்சுமமும் இதுதான்.

ஆதிநாராயணன் இதில் ஒரு வரியையும் விடவில்லை. வாசலில் காவலர் ராஜாக்கண்ணு. மனுவின் ஒரு மூலையைக் கிழித்து உள்ளே கொண்டுபோய்க் காட்டுவது அவர் வேலை. உள்ளே ஒவ்வோர் எழுத்தருக்கும் ஒரே ஓர் ஆட்சேபணை. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்பது சந்திரனுடையது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி இல்லை என்பது அருணாவுடையது. யாருடைய ஆட்சேபணை பொருந்துகிறதோ, அவர் அதைப் பதினான்கு நாளில் இருபது நகல் எடுத்து எல்லா மேசைக்கும் அனுப்ப வேண்டும்.

உடம்பில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பியில் இந்த அணுக்களில் ஒரு வகைக்குத் தேர்வு நடக்கும். எதற்கும் உதவாதவையும் சொந்த உடம்பையே தாக்கக்கூடியவையும் அங்கேயே ஒழிக்கப்படும். நூற்றுக்கு ஐந்து தேறினால் அதிகம். அலுவலகத்திலும் தேர்வு நடந்தது. அலுவலரின் மச்சானுடைய மனுவை எழுத்தர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் அதைத் தாக்கவில்லை. எல்லோரும் தேறினார்கள்.

இந்த நேரத்தில்தான் கடுக்காய்ப்பாறையிலிருந்து பாஞ்சாலை வந்தார். அவருடைய மகள் பிரியதர்ஷினிக்குக் கீழே நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வாரத்துக்குள் இருப்பிடச் சான்று கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

மனுவின் மூலை கிழிக்கப்பட்டது. சந்திரன் பெருகினார். பதினான்காம் நாள் பதில் வந்தது: காது தெரியவில்லை.

பாஞ்சாலை மகளின் கூந்தலை இழுத்துக் கட்டி, இரண்டு காதும் நன்றாகத் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டு பதினைந்தாம் நாள் வந்தார். ராஜாக்கண்ணு கதவைக்கூடத் திறக்கவில்லை.

"இன்னாக்கா, உன் மூஞ்சி நினைவுப் பதிவேட்டுல ஏறிடுச்சு. கெளம்பு."

"காது தெரியலன்னீங்க, எடுத்தாந்துக்கீறேன். ரெண்டு காதும் கீது பாரு."

"காது இப்ப பிரச்சினை இல்லக்கா. நீதான் பிரச்சினை."

சன்னலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆதிநாராயணன் வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"முதல் முறை பதினான்கு நாள். இப்போது ஒன்றரை நிமிடம்! அம்மா, உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்."

"நன்றியெல்லாம் வாணாங்க சார். சர்டிபிகேட்டு குடுங்க."

"கொடுத்தால் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடுமே, அம்மா."

"ஏன் சார், என் பொண்ணைப் பத்து மாசம் வயித்துல வச்சிருந்தேன். அவ உடம்புல பாதி அவங்கப்பன் சரக்கு. என் உடம்பு அவளைத் தொரத்துச்சா? மனு கேட்டுச்சா?"

ஆதிநாராயணன் யோசித்தார். மூன்று நாள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பாஞ்சாலை தன் தம்பி சடையனை அனுப்பினார். சளிக்காய்ச்சல் கிருமி வருடாவருடம் சட்டை மாற்றிக்கொண்டு வருவது இப்படித்தான். புது முகம் என்பதால் சடையன் அருணாவின் மேசைவரை போய்விட்டார். அங்கே ஊர்ப் பெயரைப் படித்த அருணா நிமிர்ந்து பார்த்தார்.

"கடுக்காய்ப்பாறையா? நேத்து வந்தாங்களே, அந்த அம்மாவுக்கு நீங்க இன்னா ஆவணும்?"

"தம்பிங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து கடுக்காய்ப்பாறை என்ற ஊரே பதிவேட்டில் ஏறியது.

புதன்கிழமை ஆனது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு தவணை முடிகிறது. அலுவலகத்துக்கு எதிரே நசீர் பாயின் டீக்கடைப் பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மணி பதினொன்று. நசீர் பாய் தட்டில் ஆறு டம்ளர் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். ராஜாக்கண்ணு கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். பாய் உள்ளே போய், காலி டம்ளர்களோடு திரும்பி வந்தார். யாரும் எதையும் கிழிக்கவில்லை.

பிரியதர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் தொண்ணூற்றாறு வாங்கியவள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நாம துன்ற சோறும் வெளியிலேர்ந்துதான வருது? அதை உடம்பு தாக்கறதில்ல. ஏன் தெரியுமா?"

"பசிக்குது, அதான்."

"இல்லம்மா. கொடல் வழியா தெனமும் வர்றதை உடம்பு பழகிக்கும். ஒண்ணும் செய்யாது."

நசீர் பாய்க்கு விஷயம் உடனே புரிந்தது. "அட, நாலு மணி டீக்கு ரெடியா வச்சிரு பாப்பா. நம்ம தட்டுல இடம் கீது," என்றார்.

நாலு மணிக்கு மனு அலுவலரின் டம்ளருக்கு அடியில் மடிப்புக் கலையாமல் உள்ளே போனது. ஆதிநாராயணன் டீயைக் குடித்தார். டம்ளரை எடுத்த இடத்தில் வட்டமாகக் கறை படிந்த ஒரு தாள் இருந்தது. டீயோடு வந்தது உள்ளிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். 'உடன் ஆவன செய்க. நேரில் சரிபார்த்துச் சான்று வழங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமை காலை அலுவலரே ஊருக்கு நேரில் வருவார் என்ற அறிவிப்பு தயாராகி, விதிப்படி ஒட்டப்பட்டது. அலுவலகத்தின் உட்புறச் சுவரில். மனுதாரர்கள் உட்புறத்துக்கு வர முடியாது என்பது தனி விதி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நினைவு ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. கடுக்காய்ப்பாறைக்கு முதல் முறை அரசு ஜீப் வந்தபோது, ஊரே கூடி மாலை போட்டது. வந்தவர்கள் ஊரார் எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்துக் கைகழுவக் கற்றுக்கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், வாளியையும் சோப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். நடந்தது என்ன என்று புரிந்துகொள்ள ஊருக்கு இரண்டு வாரம் ஆனது. அதன்பிறகு வளைவில் ஜீப் சத்தம் கேட்டாலே போதும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

"ஆபீஸ் வண்டிடா!" என்று சடையன் புளியமரத்தில் ஏறினார். அடுப்புகள் அணைந்தன. ஆடுகள்கூடப் புதருக்குள் போய்விட்டன. பாஞ்சாலை மகளைப் பரண்மேல் தள்ளி, தானும் ஏறி, சாமை மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வீடு. ஒன்றரை நிமிடம்தான் ஆனது.

ஆதிநாராயணன் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். கூப்பிட்டார். கதவுகளைத் தட்டினார். நேர்மையானவர் என்பதால் கண்டதை அப்படியே எழுதினார்: 'நேரில் தணிக்கை செய்ததில், இவ்வூரில் எவரும் வசிக்கவில்லை எனத் தெரியவருகிறது.' ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

பரணின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பிரியதர்ஷினிக்கு அவர் கையிலிருந்த தாள் தெரிந்தது. அதில் ஒரு டீக்கறை வட்டம்.

"அம்மா, அது என் மனு!"

"சும்மா இருடி, சோப்பு போட வச்சிடப் போறான்!"

அவள் குதித்துவிட்டாள். ஜீப் கிளம்பி இரண்டாம் வளைவைத் தாண்டும்போது குறுக்கு வழியில் ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"சார்! நான்தான் பிரியதர்ஷினி. இந்த ஊருதான்."

"இந்த ஊரில் யாரும் வசிக்கவில்லையே, அம்மா. எழுதிவிட்டேன்."

"அப்ப நான் யாருங்க சார்?"

ஆதிநாராயணன் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். புகைப்படத்தைப் பார்த்தார். இரண்டு காதும் சரியாக இருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்க்க அவருக்குப் பாவமாகவும் இருந்தது. ஆனால் எழுதியதை அடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சேர்த்து எழுதக் கூடாது என்று விதி இல்லை. வெகுநேரம் யோசித்து, கடைசியில் புள்ளியை மட்டும் காற்புள்ளியாக்கி, 'மேற்படி பிரியதர்ஷினி நீங்கலாக' என்று சேர்த்தார். அங்கேயே ஜீப்பின் முன்மூடிமேல் வைத்துச் சான்றிதழில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அன்று மாலை நாலே முக்காலுக்குக் கல்லூரியில் தணிக்கைக் குறிப்போடு சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். கடுக்காய்ப்பாறையின் ஒரே குடிமகள் என்று அவளைப் பாராட்டவும் செய்தார்கள்.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தின் ஆவணப்படி எங்குமே வசிக்காத நூற்று எண்பது பேர், ஆளுக்கொரு மனுவோடு நசீர் பாயின் டீக்கடை முன்னால் நின்றார்கள். பாஞ்சாலை முதல் ஆள். பாயிடம் இருந்தது ஒரே தட்டு. அதில் ஆறு டம்ளர்.