கைதட்டக் கூடாத நாடகம்

பேத்திய ஒரே வாரத்துல நல்ல ரசிகையாக்கிக் காட்டுறேன்னு எங்க வீட்டுக்காரர் சபதம் போட்டப்ப பல்லு தேய்ச்சிட்டிருந்தார். வாயில நுரையோட போட்ட சபதம். அதனால நான் பெருசா எடுத்துக்கல.

விஷயம் இதுதான். 'நீலப் பெட்டி'ன்னு ஒரு பாட்டு நாடகம் ஊரையே ஆட்டிட்டிருந்துச்சு. இருபத்திரண்டு பாட்டு. ஒரு பொண்ணு பெட்டியத் தொலைச்சிடுறா, அப்புறம் கண்டுபிடிச்சிடுறா. நடுவுல எல்லாரும் ஆடுறாங்க. பதினாறு வயசுப் பேத்தி அத ஒம்பது தடவ பாத்தாச்சு. அவளும் அவ கூட்டாளிங்க நாப்பது பேரும் ஆளுக்கொரு நீலப் பெட்டியத் தூக்கிட்டுப் போய், கூடவே பாடி, கூடவே அழுது, முடிஞ்சதும் பின்வாசல்ல நின்னு நடிகருங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் வருவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி ஆட்டம். அதோட அந்தக் குழு வேற நாட்டுக்குப் போயிடும். இது ஒண்ணு மட்டும் போதும் பாட்டி, அப்புறம் எதுவுமே கேக்க மாட்டேன்னு என் கையப் புடிச்சிட்டு நின்னா.

அதே ஞாயித்துக்கிழமை, அதே ஆறு மணிக்கு, தாத்தாவோட நாடகம்.

அவரப் பத்தியும் சொல்லணும். முப்பது வருஷம் ஆபீஸ்ல உக்காந்து தண்ணிக் குழாய்க்கு வரைபடம் போட்டவர். ரிட்டயர் ஆனதும் நாடக மன்றத்துக்குச் செயலாளர். அந்த மன்றத்துல கைதட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. முடிஞ்சப்புறம் பத்து நிமிஷம் லைட் போடாம உக்காந்து யோசிக்கணும். கூட்டம் வந்தா அது நாடகமே இல்ல, சந்தைங்கறது அவங்க கொள்கை. கொள்கைய உசிரா காப்பாத்துவாங்க. மொத்தமே ஒம்பது பேரு வருவாங்க.

ஒரு தடவ எங்க நாத்தனார் வந்து முதல் வரிசைல தூங்கிட்டாங்க. அவங்க கொறட்டை சாதாரணக் கொறட்டை இல்ல. கல்யாணமான புதுசுல அவங்க மாமனார் ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்துட்டுப் போயிட்டார். கேட்டா காத்தோட்டம் வேணும்னார், பாவம். மறுநாள் மன்றத்துப் பத்திரிகைல, நாயகனோட மன உளைச்சலப் பின்னணி ஒலி அற்புதமாக் காட்டுச்சுன்னு எழுதியிருந்தாங்க. அடுத்த நாடகத்துக்கும் அவங்களக் கூப்பிட்டு விட்டாங்க. சரி, அவங்களத் தூங்க விட்டுட்டு நம்ம கதைக்கு வரேன்.

இவர் எழுதி இவரே இயக்கின நாடகத்துக்குப் பேரு 'ஏணி'. எங்க பல் டாக்டர்தான் ஹீரோ. மேடைல ஒரு ஏணி, பக்கத்துல டாக்டர். "ஏறலாமா?"ம்பார். ஏழு நிமிஷம் மௌனம். "வேண்டாம்"பார். இப்படியே ரெண்டரை மணி நேரம். கடைசி வரைக்கும் ஏற மாட்டார். ஏறாம இருக்கறதுலதான் மொத்தத் தத்துவமும் இருக்காம். அந்த ஏணிய எனக்கு நல்லாத் தெரியும். எங்க பரணுக்கு ஏற வச்சிருந்தது. ரெண்டு மாசமா நான் ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டு ஏறிட்டிருக்கேன். அதுல தத்துவம் ஒண்ணும் இல்ல, இடுப்பு வலிதான்.

சனிக்கிழமை ஒரு ஆட்டம், ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டம். ரெண்டுக்கும் பேத்தி வந்தே ஆகணும்னு உத்தரவு.

"நீலப் பெட்டி, பச்சைப் பெட்டின்னு சுத்தினது போதும். ரெண்டு தடவ 'ஏணி' பாத்தா தெளிஞ்சிடுவா."

"தெளியட்டும்ங்க. அவ மட்டும் தெளிஞ்சா போதுமா? அவ கூட்டாளிங்களையும் சனிக்கிழமை வரச் சொல்லுங்க."

"நாப்பது பேரையா? கூட்டமாயிடுமே."

"கூட்டம் வேற, மாணவருங்க வேற. நீங்க வாத்தியார் ஸ்தானம்ங்க."

அந்த வார்த்தை சக்கரைப் பாகா உள்ள எறங்கிச்சு. அவரே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டார். பேத்திகிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். உங்க நாடகத்துக்கு எப்படிப் போவீங்களோ, தாத்தா நாடகத்துக்கும் அப்படியே வாங்க, ஒரு கொறையும் வைக்காதீங்க. அலமாரில 'ஏணி' பிரதி ஏழு இருந்துச்சு, அதையும் குடுத்து விட்டேன்.

சனிக்கிழமை நாப்பத்தோரு பேரும் ஆளுக்கொரு அட்டை ஏணியோட வந்தாங்க. டாக்டர் போடற மாதிரியே எல்லாருக்கும் சாம்பல் கலர் சட்டை. அவர் மேடைக்கு வந்ததும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. மனுஷன் பயந்து உள்ள ஓடிட்டார். இருபது வருஷமா நடிக்கறார், பல்லும் புடுங்கறார். ரெண்டு எடத்துலயும் யாரும் கைதட்டினதில்ல. எங்க வீட்டுக்காரர் பின்னாலேர்ந்து தள்ளி விட்டார்.

"ஏறலாமா?"ன்னார் டாக்டர். கூடவே நாப்பத்தோரு பேரும் "ஏறலாமா?"ன்னாங்க. ஏழு நிமிஷ மௌனத்தையும் மனப்பாடம் பண்ணியிருந்தாங்க, ஒருத்தர்கூட இருமல. முடிஞ்சதும் எல்லாரும் சேந்து "வேண்டாம்". ரெண்டு பொண்ணுங்க அழுதாங்க. டாக்டர் முகத்துல ஒரு களை வந்துடுச்சு. நாலாவது தடவ அவர் "ஏறலாமா?"ன்னு கேட்டப்ப, கடைசி வரிசைலேர்ந்து ஒரு பொண்ணு அமைதியா சொன்னா, "ஏறுங்க அங்கிள், நாங்க இருக்கோம்."

டாக்டர் ஏறிட்டார்.

உச்சிப் படி வரைக்கும் ஏறி, அங்கேர்ந்து கையாட்டினார். எங்க வீட்டுக்காரர் திரைக்குப் பின்னால பிரதியப் பெரட்டிப் பெரட்டித் தேடிட்டிருந்தார், இது எந்தப் பக்கத்துல வருதுன்னு. அப்புறம் பின்வாசல்ல டாக்டர் நாப்பத்தோரு கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்துல ரெண்டு பேருக்கு மாத்திரையும் எழுதிக் குடுத்துட்டார்.

ஆட்டம் முடிஞ்ச கையோட மன்றத்துல அவசரக் கூட்டம். டீ ஊத்தறது நான்தான், அதனால எல்லாம் காதுல விழுந்துச்சு. தலைவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இத்தன வருஷம் கட்டிக் காத்த மன்றத்துல ஒரே சாயங்காலத்துல கூட்டம் சேத்துட்டீங்களேன்னார். செயலாளர் பதவி ஆட்டம் கண்டுச்சு. எங்க வீட்டுக்காரர் பேனாவ எடுத்தார். தன் கையாலயே தீர்மானம் எழுதினார்: இருபது வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு நாளைலேர்ந்து அனுமதி இல்ல. ஏகமனதா நிறைவேறிச்சு. யாரும் கைதட்டல.

வீட்டுக்கு வந்து பேத்திகிட்ட சொல்ல அவருக்கு ஒரே சங்கடம்.

"நாளைக்கு நீ வர முடியாதும்மா. சட்டம்."

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. ஒம்பது தடவ நாடகம் பாத்தது வீண் போகல.

"அப்ப ஆறு மணிக்கு நான் என்ன பண்றது, தாத்தா?"

"எங்க வேணா போ கண்ணு. நானே கொண்டு போய் விடறேன்."

வயசுப் பொண்ண எப்படித் தனியா விடறதுன்னு கேட்டேன். நீயும் கூடப் போன்னார்.

ஞாயித்துக்கிழமை அவரே பெட்டியத் தூக்கிட்டு அந்தப் பெரிய அரங்கு வாசல் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் புத்திமதி. கூட்டத்தப் பாத்து மயங்கிடாதே, பாட்டு காதுல விழுந்தா வேற எதையாவது நெனைச்சுக்கோன்னார். கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் எங்க கெடைக்கப் போகுது, பேசாம ஏதாவது பார்க்குல உக்காந்துட்டு வந்துடுங்கன்னும் சொன்னார். நான் பைலேர்ந்து டிக்கெட்ட எடுத்து நீட்டினேன். வாசல்ல நின்ன ஆள் வாங்கித் தேதியப் பாத்தார்.

"மூணு வாரம் முன்னாடியே எடுத்தீங்களே, நல்லதாப் போச்சும்மா. எல்லாம் தீந்து நாளாச்சு."

எங்க வீட்டுக்காரர் டிக்கெட்டப் பாத்தார். என்னப் பாத்தார்.

"ரெண்டு டிக்கெட்டு"ன்னார், மெதுவா.

"நீங்க செயலாளருங்க, இந்தக் கூட்டத்துல நிக்கறத யாராவது பாத்துடப் போறாங்க, கெளம்புங்க"ன்னு பெட்டிய வாங்கிக்கிட்டேன்.