ஓட்டை அடைத்த ஜீப்

ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இராது. தலைமன்னாரில் கடல் தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவனுக்கு அது இரத்தத்தில் ஊறிய வியாதி. அதனால் என் கலியாணமே குழம்பப் பார்த்தது.

அப்போது என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. படகைக் கரைக்கு இழுக்க, அதைப் பின்பக்கமாக அலைக்குள்ளேயே இறக்குவேன். ஒருநாள் அடியில் படுத்துப் பார்த்தேன். முழுப் பாரத்தையும் தாங்கும் சேசி, குழாய் போல உள்ளே கோறையான இரும்பு. அதன் அடிப்பக்கம் நெடுக ஓட்டைகள்! (செய்தவனுக்கு மூளையே இல்லையோ?) உப்புத் தண்ணீர் புகாதபடி, படகுக்குப் பூசும் பைபர் பசையால் எல்லாவற்றையும் அடைத்து, மேலே கறுப்புப் பெயின்றும் அடித்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. அதோடு இரண்டு வருசம் கடலில் இறக்கி ஏற்றினேன்.

எனக்குப் பெண் தர யோசித்திருந்த நறுவிலிக்குளத்து வயல்காரர் எங்கள் வீடு பார்க்க வந்தார்.

"பஸ்சிலை ஏன் மாமா? நான் கொண்டுபோய் விடுறன்" என்று ஜீப்பில் ஏற்றினேன். (மாமாவாம்! மனிதர் இன்னும் ஓம் என்றே சொல்லவில்லை.)

அவருடைய ஊருக்குள் நுழைந்து ஒரு பள்ளத்தில் இறங்கியதும் 'மடக்' என்றது. ஜீப் நடுவால் தொய்ந்தது. கதவுகள் இறுகிவிட்டன. ஊர்ச்சனம் பார்த்து நிற்க, வெள்ளை வேட்டியோடு அவரை யன்னலால் இழுத்தெடுத்தோம். அவர் காலூன்றவும், முறிந்த சேசிக்குள்ளிருந்து துருவேறிய கறள் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து வேட்டியைத் தேநீர் நிறமாக்கியது.

"தம்பி, இதுக்குள்ள என்ன குளமோ கட்டி வைச்சிருக்கிறீர்?"

"இல்லை மாமா... ஐயா... தண்ணி உள்ள போகாமல் ஓட்டையளை அடைச்சனான்."

"மேலால வந்த தண்ணி எங்கால போறது? கழிவு வாய்க்காலை அடைச்சுப்போட்டு ஆரும் வெள்ளாமை செய்வினமோ?"

பெண் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ வேட்டியைப் பிழிந்தபடி சிரிக்கத் தொடங்கினார்.

"என்ரை பிள்ளையைப் படகிலை ஏத்தும், பயமில்லை. ஜீப்பிலை மட்டும் ஏத்தாதேயும்."

கலியாணத்துக்குப் பெண் வீட்டார் அத்தனை பேரும் பஸ்சில் வந்தார்கள்.

இப்போதைய வண்டி கடலில் இறங்கினால், சேசியின் உள்ளே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, காய்ந்த பிறகு எண்ணெய் விசிறுகிறேன். அப்படியும் மாமா வந்தால் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவார். அதைப் பார்த்துப் பார்த்து, பழைய ஜீப்பைக் கண்டேயிராத என் மகளும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடிதான் ஏறுகிறாள்.