முந்நூற்று எண்பத்தாறு வரன்களும் ஒரு பொத்தானும்

நேமத்தான்பட்டி,
14-6-2025

மைத்துனர் வெங்கட்ராமன் அவர்களுக்கு,

லட்சுமணன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் உங்கள் புரோகிராம் இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து சுகமாக இருப்பது உங்கள் அக்கா தேனம்மை மட்டும்தான். தம்பி எது செய்தாலும் அவளுக்குச் சுகம். பெங்களூரில் நீங்களும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். கெடுதல் செய்கிறவர்கள் பொதுவாக நலமாகத்தான் இருக்கிறார்கள்.

நம்மவர் வீடுகளின் வரன் பதிவை ஆறு வருடமாக நான் சும்மா பார்த்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். வரனுக்கு ஒன்றாக எக்செல் ஃபைல் அனுப்புவார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், கோவில் எல்லாவற்றையும் பெரிய பட்டியலில் நானே ஏற்றுவேன். சித்திரையில் இங்கு வந்தபோது நான் முந்நூற்று எண்பத்தாறு ஃபைல்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, வாய் நிறையச் சீப்புச் சீடையோடு சிரித்தீர்கள். "என்ன அயித்தான், இதுக்குப் போயி நாலு மாசமா? பத்து வரி எழுதுனா அதுவே எல்லா ஃபைலையும் தொறந்து படிச்சு, ஒண்ணாச் சேத்து, பொருத்தம் பாத்து, ரெண்டு வீட்டுக்கும் மெயிலும் அனுப்பிரும். நீங்க காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கலாம்" என்றீர்கள். எழுதினீர்கள், ஊருக்குப் போனீர்கள். மறுநாள் நான் பொத்தானை அழுத்தினேன். காப்பி டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. என் மானமும்தான்.

அந்த ஃபோல்டரில் இருப்பதெல்லாம் வரன்தான் என்று உங்கள் புரோகிராமிடம் யார் சொன்னது? தேனம்மையின் ஊறுகாய்ச் சாமான் பட்டியலும் அதில்தான் கிடந்தது. அதையும் திறந்து படித்து, மாவடு என்ற பெண்ணைப் பதிவு செய்து, நாச்சியாபுரத்து என்ஜினீயர் பையனுக்குப் பொருத்தம் பார்த்து மெயிலும் அனுப்பிவிட்டது. பையனின் தாயார் போனில் கேட்கிறார்: "மாவடுங்கிறது வீட்ல கூப்புடுற பேரா? போட்டோ இருந்தா அனுப்புவீகளா?" என்ன பதில் சொல்வது? ஜாடியைப் படம் எடுத்து அனுப்பவா? பிறந்த தேதி எழுதாமல் விட்டவர்கள் எல்லோரும் 1900ஆம் வருடம் பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள். நூற்று இருபத்தைந்து வயது மாப்பிள்ளைகள் பதினேழு பேர்! சிலர் வரனின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதியிருந்தார்கள். நான் என்றால் பார்த்ததும் மாற்றியிருப்பேன். உங்கள் மேதாவி தகப்பனாருக்கே பெண் பார்த்துவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாத்தப்பனுக்கு இருபத்து மூன்று வயதுப் பெண். அவர் மனைவி உமையாள் ஆச்சி பட்டப்பகலில் நேராக வந்து, எங்கள் முகப்பில் உட்கார்ந்துகொண்டார். "எங்க வீட்டு அய்யாவுக்குப் பொண்ணு பாக்குறீகளாமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்து பாத்திருப்பேனே" என்றார். சாத்தப்பன் அன்று முதல் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பது வேறு கதை.

இதெல்லாம்கூடப் போகட்டும். மானகிரியில் ஒரு வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் வரன் தேடுகிறார்கள். மகன் ஃபைலில் கோவில் 'இரணியூர்' என்றும், மகள் ஃபைலில் 'இரணிக்கோவில்' என்றும் இருந்தது. இரண்டும் ஒரே கோவில், ஒரே கோவில்காரர்கள் பங்காளிகள், கட்டிக்கொள்ளக் கூடாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். உங்கள் பத்து வரிக்குத் தெரியவில்லை. கோவில் வேறு, பொருத்தம் பத்துக்கு ஒன்பது என்று அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்து, அவர்கள் தகப்பனாருக்கே வாழ்த்துச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டது! அவர் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "லட்சுமணன், ஒங்களுக்கு வயசாயிருச்சு. பதிவை வேற யாருக்காச்சும் விட்டுருங்க" என்று என் வீட்டிலேயே, என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். ஆறு வருட உழைப்பு. உங்களுக்குப் போன் போட்டால், "கோடு கரெக்ட்டாத்தான் இருக்கு அயித்தான், ஃபைல்தான் சரியில்ல" என்கிறீர்கள். அதாவது முந்நூற்று எண்பத்தாறு ஃபைலும் தப்பு, உங்கள் பத்து வரி சரி. நல்ல படிப்பு, நல்ல கம்பெனி, நல்ல சம்பளம்!

ஆகவே சொல்கிறேன். அந்தப் புரோகிராமை இன்றைக்கே அழித்துவிடவும். நான் கையாலேயே ஏற்றிக்கொள்கிறேன். கையால் ஏற்றியதில் இந்த ஆறு வருடத்தில் ஒரு பிழை வந்ததில்லை. அழித்துவிட்டேன் என்று பதில் வரும்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்காவது பொறுமையாக ஒரு வேலையைச் செய்யும் புத்தியைச் சாமி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
லட்சுமணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது எங்கள் மகள் சிவரஞ்சனி வந்து நின்றாள். நான் பார்த்துக் கொடுத்த பதினொரு மாப்பிள்ளைகளையும் வேண்டாம் என்றவள். உங்கள் புரோகிராம் அவளுக்கும் ஒரு மெயில் அனுப்பியதாம். கண்டனூர் ஏகப்பன், கால்நடை மருத்துவர். ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "அப்பச்சி, அவுக ஃபைல் போன வருசமே நம்ம வீட்டுக்கு வந்துருச்சாம். நீங்கதான் ஏத்தவே இல்லையாம்" என்றாள். தேடிப் பார்த்தேன். வந்திருக்கிறது. விட்டிருக்கிறேன். கோவிலை மூன்று முறை பார்த்துவிட்டேன், வேறுதான். வரும் வியாழக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள். அம்மான் நீங்கள் இல்லாமல் சபையில் என்ன பேசுவது? புதன்கிழமையே புறப்பட்டு வரவும். புரோகிராமை அழிக்க வேண்டாம். அழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதை உங்கள் அக்காவிடம் சொல்லவும் வேண்டாம்.